பெட்டியின் நாலு வரி

எங்கள் ஊரின் பெயரைத் தமிழில் எழுதினால் கள்ளுத் தவறணைப் பலகை மாதிரி இருக்கும். கப்பல் அணைகிற பாலத்துக்கு வெள்ளைக்காரன் சொன்ன பெயர் பியர். போத்தலில் அடைத்து விற்பதற்கும் தமிழில் அதே மூன்று எழுத்துத்தான். தலைமன்னார் என்றால் மன்னார்த் தீவின் முனையில் இருக்கும் ஊர் முழுவதும். தலைமன்னார் பியர் என்றால் அதிலும் கடைசி, தண்டவாளம் முடிந்து கடல் தொடங்குகிற இடம். அங்கே பிறந்தவர்களுக்கு இதில் சிரிக்க எதுவும் இல்லை. "பியருக்குப் போறன்" என்று எங்கள் வேதக்கோயில் சாமியாரே பஸ்ஸில் உரத்துச் சொல்லி டிக்கெட் எடுப்பார்.

நான் பதினொரு வயதில் புலமைப்பரிசில் சோதனை பாஸாகி மன்னார் டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்ந்தேன். பள்ளிமுனையில் சித்தி வீட்டில் தங்குவது, வெள்ளிக்கிழமை பின்னேரம் ஊருக்குப் போவது என்று ஏற்பாடு. எங்கள் வீட்டில் அதற்கு முன் ஒருவரும் ஒரு சோதனையும் பாஸானதில்லை. அம்மா என்னைப் பற்றி யாருடன் கதைத்தாலும் "அவ இங்கிலீசும் வாசிப்பா" என்று முடிப்பார். நான் மறுத்ததில்லை.

முதல் நாள் வகுப்பில் ரீச்சர் ஒவ்வொருவராக எழுப்பி ஊர் கேட்டார். "தலைமன்னார் பியர், ரீச்சர்" என்றேன், நல்ல சத்தமாக. முருங்கனிலிருந்து வந்த ஒருத்தி பின்வாங்கில் இருந்து "ஒரு போத்தலோ, ரெண்டோ?" என்றாள். மன்னாரில் பியரைத் தெரியாதவர் யார்? தெரிந்துதான் சிரித்தார்கள். ரீச்சரும் வாயைப் பொத்திக்கொண்டார். நான் மெலிந்து, கழுத்து நீண்டு இருப்பேன். இடைவேளை மணி அடிப்பதற்குள் என் பெயர் போத்தல் ஆகிவிட்டது.

அன்று முதல் கொப்பிகளில் விலாசத்தைத் தலைமன்னார் என்பதோடு நிறுத்தினேன். ஏற்கெனவே எழுதியவற்றில் கடைசிச் சொல்லை அழிறப்பரால் தேய்த்தேன். ஒரு கொப்பியின் மட்டை தேய்ந்து ஓட்டையே விழுந்துவிட்டது.

இனி மாமாவைச் சொல்லவேண்டும். மாமா என்றால் அம்மாவின் அண்ணன். கல்யாணம் கட்டாதவர். எங்கள் வளவிலேயே ஓர் அறை இறக்கி அதில் இருந்தார், இப்போதும் இருக்கிறார். நான் அறிய அவர் அப்பாவோடு கடலுக்குப் போகிறவர். ஆனால் இருபது வயதில், இந்தியாவுக்குக் கப்பல் ஓடிய கடைசிக் காலத்தில், பியரில் பெட்டி தூக்கியவர். மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறையாக வேலை செய்த சனத்தை இந்தியாவுக்கு அனுப்பிய காலம் அது. ரயில் நிறைய வந்து இறங்குவார்கள். ரயிலுக்கும் கப்பலுக்கும் இடையில் பாலத்தின் மேல் கொஞ்ச நடை. அந்த நடைக்குத்தான் மாமாவைப் போன்றவர்கள்.

ஒரு நாள் கைக்குழந்தையோடு ஓர் இளம்பெண் வந்தாள். அவளோடு நடக்கமாட்டாத ஒரு வயதான தாய். ஒரே மாதிரி இரண்டு தகரப் பெட்டி. மாமா முதல் பெட்டியை ஏற்றிவிட்டு வந்து இரண்டாவதைத் தூக்கியபோது தாய் பாலத்திலேயே மயங்கி விழுந்துவிட்டார். பெட்டியை இறக்கி வைத்துவிட்டு அந்த அம்மாவைத் தோளில் போட்டார் மாமா. பெண் பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள். "நீங்கள் ஏறுங்கோ தங்கச்சி, பெட்டி வரும்" என்றார். தாயைக் கொண்டுபோய்க் கிடத்திவிட்டு, சனத்தை இடித்துக்கொண்டு திரும்பி வந்து பெட்டியைத் தூக்குவதற்குள் ஏணியை எடுத்துவிட்டார்கள்.

அடுத்த கப்பலில் ஏற்றப் போனார். ஆள் இல்லாத பெட்டியை ஏற்ற முடியாது என்றார்கள். அதற்கடுத்த கப்பலிலும் அதே பதில். பிறகு கப்பலே நின்றது. பிறகு சண்டை வந்து ரயிலும் நின்றது. பெட்டி மாமாவோடு நின்றுவிட்டது. ஊர் எழும்பி மடுக் கோயிலுக்கு அகதியாக ஓடியபோது அம்மா தன்னுடைய தையல் மெசினைத் தூக்கச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறார். மாமா பெட்டியைத் தூக்கினார். அதை அம்மா இன்றுவரை மன்னிக்கவில்லை. நல்ல நாள் பெருநாளில் தையல் மெசின் கதை வராமல் எங்கள் வீட்டில் சோறு இறங்காது.

கறுப்புப் பெட்டி. மூடியில் வெள்ளைப் பெயின்டால் இங்கிலீசில் நாலு வரி எழுதியிருந்தது, தோட்டத்துக் கந்தோரில் எழுதிக் கொடுத்தது. குலுக்கினால் உள்ளே கிண்ணமோ பேணியோ ஒன்று உருளும். உடைத்துப் பார்த்தால் விலாசம் கிடைக்குமே என்று யாராவது சொன்னால் மாமா, "பூட்டின்ர திறப்பு அவையிட்டக் கிடக்கு" என்பார். அதற்கு மேல் பேச்சில்லை. மூடியில் இருந்ததைப் பியரில் இருந்த ஒரு கிளாக்கர் அந்த நாளிலேயே அவருக்கு வாசித்துச் சொன்னாராம். மாமாவுக்கு அது மறந்துபோயிற்று. "எழுத்துக் கிடக்குத்தானே எண்டு நான் மனசில வைக்கேல்லை" என்பார். தமிழே அவருக்கு எழுத்துக்கூட்டித்தான் வரும்.

எங்கள் வீட்டில் அதை வாசிக்க வேறு ஆள் இல்லை. வெளியில் காட்டினால் ஊர் பகிடி பண்ணும். ஏற்கெனவே அவரைக் 'கப்பல் விட்டவர்' என்றுதான் சொல்வார்கள். ஆகவே நான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய நாளிலிருந்தே இந்த வேலை எனக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தது. ஞாயிறு பூசை முடிந்து வந்து பெட்டியை எண்ணெய்த் துணியால் துடைக்கும்போது, "அவசரமில்லை மகள். வடிவாப் படிச்சிட்டு வாசி. பிழையா வாசிச்சா ஒரு ஆளின்ர பேர் கெட்டுப்போகும்" என்பார். நானும் பெரிய மனுசி மாதிரித் தலையாட்டுவேன்.

நான் டவுனுக்குப் போன வருடம்தான் தண்டவாளம் புதுசாகப் போட்டு முடிந்தது. இருபத்தைந்து வருடத்துக்குக் கிட்ட நின்றுபோன ரயில் ஒரு சனிக்கிழமை எங்கள் ஊருக்கு வரும் என்று அறிவித்தார்கள். மாமா சவரம் செய்து, சட்டை தோய்த்துக் காத்திருந்தார். "கோச்சி வந்தா மலைநாட்டுச் சனமும் வரும். ஸ்ரேசனில எழுத்துத் தெரியிற மாதிரி வைச்சா அவையின்ர ஆக்கள் ஆரும் கண்டுபிடிப்பினம்" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா, "அப்ப என்ர மெசினையும் கொண்டுபோய் வைக்கட்டோ?" என்று கேட்டார்.

அதற்கு முந்தின கிழமைதான் பள்ளிக்கூடத்தில் எங்கள் ரீச்சர், ரயில் வருவதை முன்னிட்டு, பிள்ளைகள் தங்கள் ஊர்ப் பழம்பொருள் ஒன்று கொண்டுவர வேண்டும் என்று கண்காட்சி ஒன்று அறிவித்தார். போத்தல் கையை உயர்த்தியது. "எங்கட வீட்டில கப்பல் காலத்துப் பெட்டி ஒண்டு இருக்கு, ரீச்சர்." வகுப்பு முழுவதும் திரும்பிப் பார்த்தது. சிரிக்காமல் பார்த்தது அதுதான் முதல் தடவை. அந்தப் பார்வைக்காக நான் பெட்டியை என்ன, மாமாவையே தூக்கிக் கொடுத்திருப்பேன்.

வெள்ளிக்கிழமை ஊருக்குப் போய் மாமாவிடம் பெட்டியைக் கேட்டேன். "வாற சனிக்கிழமைக்கு முன்னம் திரும்பி வரவேணும்" என்றார். "வரும் மாமா" என்றேன். அவர் அந்தப் பெண்ணுக்குச் சொன்ன அதே சொல்தான் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. ஞாயிறு பின்னேரம் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு என்னோடு பஸ்ஸில் வந்து சித்தி வீட்டில் இறக்கினார். போகும்போது, "உன்னை நம்பித்தான் தாறன். வெள்ளிக்கிழமை நானே வந்து எடுப்பன்" என்றார்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் சித்தி வீட்டு வாசலில் பெட்டியை வைத்துக்கொண்டு, வியாழக்கிழமைக் கண்காட்சியில் என்ன பேசலாம் என்று யோசித்தேன். மூடியைப் பார்த்தேன். கண் நேரே போய் விழுந்தது கடைசி வரியில், அதிலும் கடைசிச் சொல்லில். பி, ஐ, ஈ, ஆர். எங்கள் ஸ்டேசன் பலகையில் இருக்கிற சொல். உண்மையைச் சொன்னால், இங்கிலீசில் பார்த்தவுடன் எனக்கு வாசிக்கத் தெரிந்த சொல் அந்த ஒன்றுதான். முருங்கன்காரி வந்து இதை எழுத்துக்கூட்டி வாசிப்பாள், பிறகு பெட்டியைக் காட்டி 'எத்தனை போத்தல் அடங்கும்' என்று கேட்பாள். அது அப்படியே காதில் கேட்டது. காது சுட்டது.

வாசலுக்கு எதிரே கரையில் சித்தப்பாவின் வள்ளம் கவிழ்த்துக் கிடந்தது. அன்றுதான் நீலப் பெயின்ட் அடித்து முடித்திருந்தார். பேணியில் மிச்சம் இருந்தது, தூரிகையும் இருந்தது. முதலில் அந்த ஒரு சொல்லை மட்டும் மறைத்தேன். கறுப்பில் நீலத் திட்டு அசிங்கமாக இருந்தது. பிறகு அந்த வரியை, பிறகு மூடியை, பிறகு பெட்டியை. துருப்பிடித்துக் கிடக்கிறது, நல்லதுதானே செய்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வள்ளத்துக்கு அடிக்கிற பெயின்ட், உப்புத்தண்ணியிலேயே போகாது. காய்ந்ததும் இன்னொரு தரமும் அடித்தேன். சித்தி வந்து, "ஆரைக் கேட்டு அடிச்சனி?" என்றார். "மாமாதான் அடிக்கச் சொன்னவர்" என்றேன். அது முதல் பொய்.

கண்காட்சியில் என் பெட்டியை ஒருவரும் பார்க்கவில்லை. பளபளவென்று நீலமாக இருந்த பெட்டியில் பார்க்க என்ன இருக்கிறது? ரீச்சர் அதைச் சுற்றி வந்து, "இது புதுசுபோல கிடக்கே" என்று சொல்லிவிட்டு, முருங்கன்காரி கொண்டுவந்த நெல் அளக்கும் பழைய மரக் கொத்தை வைக்க உயரமாக ஒன்று வேண்டும் என்று அதன் மேல் ஒரு வெள்ளைத் துணியை விரித்தார். கொத்துக்கு முதற் பரிசு. பரிசு வாங்கியவள் என்னிடம் வந்து, "ஸ்ரான்டுக்கு நன்றி போத்தல்" என்றாள். ஆக, பெயரும் மாறவில்லை.

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் மாமா வாசலில் நின்றார். நான் வகுப்பறைக்குள் கூட்டிப்போய்க் காட்டினேன். துணியை எடுத்துவிட்டுப் பெட்டியைப் பார்த்தார். இந்தப் பக்கம் திருப்பினார், அந்தப் பக்கம் திருப்பினார், தூக்கி அடியைப் பார்த்தார்.

"இது வேற பெட்டியெல்லே?"

"அதுதான் மாமா. துருப்பிடிச்சுக் கிடந்தது, நான்தான் பெயின்ற் அடிச்சனான்."

மெதுவாகக் குலுக்கினார். உள்ளே அந்தச் சாமான் உருண்டது. பெட்டியைக் கீழே வைத்து, மூடியில் விரலால் தடவினார், எழுத்து இருந்த இடத்தில் இடமிருந்து வலமாக, வரி வரியாக. ஏசவில்லை. "வடிவாத்தான் அடிச்சிருக்கிறாய்" என்றார். நான் தப்பினேன் என்று நினைத்தேன்.

பஸ் ஸ்டாண்டில் பஸ் புறப்பட நேரம் இருந்தது. நான் யன்னலோரம், மாமா பக்கத்தில், அவர் மடியில் பெட்டி. மூடியைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"மூடிறதுக்கு முன்னம் எழுத்தை நீ வாசிச்சனிதானே மகள்?"

"ஓம் மாமா."

"அதுதானே. நீ வாசிக்காமல் மூடமாட்டாய்." மூச்சு விட்டார். "என்ன பேர்?"

யன்னலுக்கு வெளியே எதிர்ப்பக்கம் ஒரு புடவைக்கடை. சிவப்பு எழுத்துப் பலகை. மாமாவின் பக்கத்திலிருந்து அது தெரியாது.

"மீனாட்சி" என்றேன்.

"மீனாட்சி." சொல்லிப் பார்த்தார். "ஓம், ஓம். கிளாக்கரும் அப்பிடித்தான் ஏதோ சொன்னவர். மீனாட்சி. ஊர் என்ன போட்டிருந்தது?"

எனக்கு மலைநாட்டில் தெரிந்த ஊர் ஒன்றுதான், சமூகக்கல்விப் புத்தகத்தில் படத்தோடு இருப்பது. "நுவரெலியா" என்றேன். தோட்டத்தின் பெயரைக் கேட்டார். அது அழிஞ்சு கிடந்தது என்றேன். ஒரு பொய்க்கு உண்மை மாதிரி ஓர் ஓட்டை வைக்க வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, தானாகவே வந்தது. மாமாவின் முகம் தெளிந்துவிட்டது. அந்தத் தெளிவுதான் என்னைக் கெடுத்தது. அவர் ஏசியிருந்தால், ஒரு அடி போட்டிருந்தால், அழுதுகொண்டு உண்மையைச் சொல்லியிருப்பேன். அவர் இறங்கி எனக்கு ஐஸ்கிறீம் வாங்கி வந்தார். நான் அதைத் தின்றேன், சீ.

சனிக்கிழமை ரயில் வந்தது. மாலை, மேளம், பள்ளிக்கூட பாண்ட், கொடி, பேச்சு எல்லாம் இருந்தன. ஊர் முழுவதும் ஸ்டேசன் மேடையில் நின்றது. மாமா தோய்த்த சட்டையோடு, மேடையின் கடைசியில், நீலப் பெட்டியைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றார். எழுத்து இல்லாதபடியால் இனி வாயால்தான் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பெட்டியாக ரயில் அவரைக் கடந்தபோது, "மீனாட்சி. நுவரெலியா மீனாட்சி. உங்கட பெட்டி இஞ்ச கிடக்கு" என்று கூப்பிட்டார். பக்கத்தில் நின்ற பெடியன்கள் அவரைப் போலவே கூப்பிட்டுக் காட்டினார்கள். எங்கள் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேர் டவுனிலிருந்து ரயிலில் வந்திருந்தார்கள். அவர்கள் பார்த்துவிடுவார்களே என்று நான் அம்மாவின் சீலைக்குப் பின்னால் ஒளித்தேன். எனக்கு அன்று வெட்கமாக இருந்தது. ஆனால் அவரை நினைத்து வெட்கம். வெட்கம் கூடப் பிழையான ஆள்மேல் வந்தது.

பெரிய வெள்ளிக்கு முன்னம் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனேன். "பொய் சொன்னேன் சுவாமி" என்றேன். என்ன பொய் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ தெரியாது. மூன்று தரம் 'அருள் நிறைந்த மரியே' மந்திரம் சொல்லச் சொன்னார். சொன்னேன். மலிவாகத் தீர்ந்தது என்று வீட்டுக்கு ஓடினேன்.

மாமாவுக்குத் தீரவில்லை. மடுத் திருவிழாக் காலம், பள்ளி விடுமுறை என்று மலைநாட்டுச் சனம் ரயிலில் கடல் பார்க்க வருகிற நாட்களில் பெட்டியோடு ஸ்டேசனுக்குப் போவார். இறங்குகிறவர்களிடம் மரியாதையாகக் கேட்பார், "உங்களில நுவரெலியா மீனாட்சியை ஆருக்கும் தெரியுமோ?" நான் வளர்ந்தேன். போத்தல் என்ற பெயர் உதிர்ந்தது. முருங்கன்காரி என் உயிர்ச் சிநேகிதி ஆனாள். இங்கிலீசும் உண்மையாகவே வந்தது. சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு வருடமும் சொல்வதற்குக் கொஞ்சம் கூடுதலாக வெட்கப்பட வேண்டியிருந்தது, அதனால் ஒவ்வொரு வருடமும் தள்ளிப்போட்டேன்.

எனக்குப் பதினைந்து வயதாக இருந்தபோது மாமாவுக்குத் தேத்தண்ணி கொண்டு ஸ்டேசனுக்குப் போனேன். ரயிலிலிருந்து இறங்கிய ஒரு கூட்டத்தில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா மட்டும் போகாமல் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். குனிந்து பூட்டைத் தொட்டார்.

"இதே மாதிரி பொட்டி ரெண்டுதாங்க எங்க அக்கா கொண்டு போச்சு. ஆனா அது கறுப்புங்க" என்றார்.

மாமா பதறி எழுந்தார். "இதுவும் முந்திக் கறுப்புத்தான் அம்மா, பெயின்ற் அடிச்சது. அக்கான்ர பேர் மீனாட்சியோ?"

"இல்லீங்க. பாக்கியலெட்சுமிங்க."

"ஊர் நுவரெலியாவோ?"

"பதுளைங்க."

மாமா மெல்ல உட்கார்ந்தார். "அப்ப இது இல்லை அம்மா. மறிச்சதுக்குக் குறை நினையாதேங்கோ" என்றார். அந்த அம்மா இன்னொரு தரம் பெட்டியைப் பார்த்தார். அக்கா அங்கே போய் இரண்டு வருடத்தில் கடிதம் போடுவதை நிறுத்திவிட்டாள் என்று, யாரும் கேட்காமலே சொன்னார். பிறகு தன் கூட்டத்தைத் தேடிப் போனார். நான் தேத்தண்ணிப் போத்தலைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன். இரண்டு எட்டு வைத்தால் அவர் சேலையைப் பிடித்திருக்கலாம். "நான் சொன்னது பொய்" என்று மூன்று சொல். மாமாவுக்கு முன்னால், ஸ்டேசன் நிறையச் சனத்துக்கு முன்னால் அந்த மூன்று சொல் வரவில்லை. தேத்தண்ணியை ஊற்றிக் கொடுத்தேன். சீனி காணாது என்றார்.

மறுநாள் மாமா கடலுக்குப் போன நேரம் மண்ணெண்ணெயும் சவரக்கத்தியும் எடுத்துக்கொண்டு பெட்டியின் மூடியைச் சுரண்டினேன். நீலத்தோடு வெள்ளையும், வெள்ளையோடு கறுப்பும் சேர்ந்து வந்து வெறும் தகரம் தெரிந்தது. உள்ளங்கை அளவு சுரண்டியதும் நிறுத்திவிட்டேன். கீறுப்பட்டுப் போச்சு என்று மாமாவிடம் சொன்னேன்.

இப்போது யாழ்ப்பாணத்தில் கம்பஸில் படிக்கிறேன். ஆங்கிலம்தான் என் பாடம், சிரிக்க வேண்டாம். போன மாதம் விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது மாமாவுக்குக் கண் பார்வை நன்றாக மங்கியிருந்தது. சீனி வியாதி. கப்பல் திரும்ப ஓடப்போகிறது என்று மறுபடியும் ஊரில் கதை அடிபட்டது. மாமா ஒரு சின்னப் பேணி வெள்ளைப் பெயின்டும் தூரிகையும் வாங்கி வைத்திருந்தார்.

"என்ர கண் இருக்கேக்குள்ள அந்தப் பேரைத் திருப்பி எழுதிவிடு மகள். கப்பல் ஓடினா ஆரிட்டையும் குடுத்து விடலாம். முந்தி இருந்த மாதிரியே, இங்கிலீசில."

பெட்டியை முற்றத்தில் வைத்து நான் நிலத்தில் இருந்தேன். அவர் கதிரையில் இருந்தார். பட்டப்பகல், வெயில். தூரிகையைத் தோய்த்தேன். எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது ஒரு வரிதான். மூடியின் அடியில் அதை எழுதினேன். தலைமன்னார் பியர். பதினொரு வயதில் மறைத்த அந்தச் சொல்லை வடிவாக, பெரிதாக எழுதினேன். பிறகு கை நின்றது.

மாமா கதிரையிலிருந்து குனிந்து, முகத்தைக் கிட்டக் கொண்டுவந்து பார்த்தார்.

"ஏன் மகள் அடியில இருந்து துவங்கினனி? நாலு வரி இருந்தது. முதல் வரிதான் நீளம், இந்தக் கரையில இருந்து அந்தக் கரை மட்டும். நீ மீனாட்சி எண்டு சொன்னபோது நான் யோசிச்சனான், சின்னப் பேராக் கிடக்கே எண்டு. பிறகு நினைச்சன், தகப்பன்ர பேரையும் சேத்து எழுதியிருப்பினமாக்கும். நீ பிழையா வாசிக்கமாட்டாய்தானே."

பத்து வருடமாக என் பொய்யில் இருந்த ஓட்டையை அவரே அடைத்து வைத்திருந்தார். அதைக் கேட்டபிறகு எனக்கு மறைக்க இடமில்லை. சொன்னேன். அந்த ஒரு சொல்லைத் தவிர ஒன்றும் வாசிக்கவில்லை என்று சொன்னேன். அந்தச் சொல்லுக்கு வெட்கப்பட்டு மூடியதைச் சொன்னேன். தூரிகையிலிருந்து பெயின்ட் சொட்டி என் பாவாடையில் விழுந்தது.

மாமா வேலிப்பக்கம் திரும்பினார். வேலிக்கு வெளியே ஒரு கழுதை போனது, அது போய் முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

"அப்ப இவ்வளவு காலமும் நான் ஆரைக் கூப்பிட்டனான்?"

"ஒரு புடவைக்கடையை, மாமா. பஸ் ஸ்ராண்டுக்கு முன்னால இருந்தது."

தலையை ஆட்டினார், ஒரு விலாசம் கேட்டு அறிந்தவர் மாதிரி. 

"அந்தப் பதுளைப் பிள்ளை. கறுப்புப் பெட்டி எண்டு சொன்னவ. தமக்கையின்ர பேர் என்ன சொன்னவ?"

"பாக்கியலெட்சுமி."

அவர் கையை நீட்டி மூடியைத் தொட்டார். முதல் வரி இருந்த இடத்தில் ஈரம் இல்லை. இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை விரலை மெதுவாக நகர்த்தினார். வாய்க்குள் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லி, அந்தப் பெயர் அந்த நீளத்துக்கு வருகிறதா என்று அளந்து பார்த்தார். வந்ததோ வரவில்லையோ சொல்லவில்லை.

"நான் அவவைத் திருப்பி அனுப்பிப்போட்டன்" என்றார்.

நீ என்று சொல்லவில்லை. நான் என்றுதான் சொன்னார். நான்தான் மாமா, நான்தான் என்று எத்தனை தரம் சொல்லியும் அவர் அதைத் திருத்திக்கொள்ளவில்லை.

பதினொரு வயதில் எனக்கு வாசிக்கத் தெரியும் என்று எங்கள் வீட்டில் எல்லோரும் நம்பியிருந்தார்கள். நானும் நம்பியிருந்தேன்.